மாடியில் ஒலிக்கும் மணி: பழைய தட்டச்சுப் பொறிகளும் இளைய கைகளும்

மாலை நேரத்தில் தமிழ்நாட்டின் ஏதாவதொரு சிறுநகரக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். மருந்துக்கடைக்கோ துணிக்கடைக்கோ மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப்போகும் மாடியிலிருந்து ஒரு சத்தம் இறங்கி வரும். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல இடைவிடாத தட்டல். நடுநடுவே ஒரு சின்ன மணி. அங்கே பத்துப் பதினைந்து மெஷின்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் முன்னால் பள்ளி முடித்தவர்களும் கல்லூரியில் படிப்பவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டைகளைப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த மெஷின்களில் பல, அவர்கள் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை.

உலகின் பல நாடுகளில் தட்டச்சுப் பொறி சேகரிப்போரின் கவலை ஒன்றுதான்: எங்களுக்குப் பிறகு இதை யார் வைத்துக்கொள்வார்கள்? கூடங்களில் நரைத்த தலைகளே தெரிகின்றன, இளையவர்களை எப்படி அழைத்து வருவது என்று அவர்கள் தேடுகிறார்கள். நம்மிடமோ நிலைமை தலைகீழ். இளைய விரல்கள் ஏற்கெனவே மெஷினின் மேல் இருக்கின்றன. அந்த மெஷின் பேணத்தக்க ஒரு பொருள் என்பதைத்தான் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பழந்தொழில்நுட்பச் சேகரிப்பு என்ற பொழுதுபோக்கை அடுத்த தலைமுறை எப்படிக் கைக்கொள்ளும் என்ற பொதுக் கேள்விக்கு, இந்த மாடி அறைகளிலிருந்து ஒரு விடை கிடைக்கும் என்பது என் நம்பிக்கை. அதை இங்கே ஆராய்கிறேன்.

ஏக்கத்தை எழுதிவைக்க முடியாது

பழைய பொருளைச் சேர்ப்பவர் பெரும்பாலும் தன் இளமையைச் சேர்க்கிறார். வீட்டுக் கூடத்தில் இருந்த வால்வு ரேடியோ, அப்பா வாங்கிய முதல் கேமரா, அலுவலகத்தில் முதல் சம்பளம் வாங்கிய நாளில் தட்டிய ரெமிங்டன் என ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தை அறிந்தவருக்கு அது விலைமதிப்பற்றது. அறியாதவருக்கு அது கனமான இரும்பு. சேகரித்தவர் காலமான சில மாதங்களில் அவருடைய அலமாரி காயலான் கடைக்குப் போவது இதனால்தான். பிள்ளைகள் நன்றிகெட்டவர்கள் என்று பழி சொல்வதில் நியாயமில்லை. வீட்டையும் நிலத்தையும் எழுதிவைக்கலாம். ஏக்கத்தை எழுதிவைக்க முடியாது.

சேகரிப்பாளர் சங்கங்கள் செய்யும் அடிப்படைப் பிழை இங்கேதான் தொடங்குகிறது. தங்களை எது இழுத்ததோ அதுவே இளையவர்களையும் இழுக்கும் என்று நம்பி, "அந்தக் காலத்தில்" என்று பேச்சைத் தொடங்குகிறார்கள். இருபது வயதுக்காரருக்கு அந்தக் காலம் இல்லை. அவருக்கு இந்தப் பொருள் பழையது அல்ல. இதுவரை பார்த்திராத புதியது. புதிய ஒன்றைக் கண்டவர் முதலில் கேட்பது, இது எப்படி வேலை செய்கிறது, நான் தொட்டுப் பார்க்கலாமா என்ற இரண்டு கேள்விகளைத்தான். "தொடாதே" என்ற பலகை அந்த இரண்டையும் ஒரே அடியில் வாயடைத்துவிடுகிறது.

இளையவர்கள் எங்கெல்லாம் வந்தார்கள்

பழைய தொழில்நுட்பத்துக்கு இளையவர்கள் வருவதே இல்லை என்பது உண்மையன்று. கடந்த இருபது ஆண்டுகளில் அவர்கள் பெருங்கூட்டமாக வந்த இடங்கள் உண்டு.

இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன. குறுந்தட்டுகள் விற்றவை 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் வினைல் குறுந்தட்டை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. இதற்கு அடித்தளம் போட்டவற்றுள் ஒன்று, 2008 ஏப்ரலில் தொடங்கிய 'ரெக்கார்டு ஸ்டோர் டே'. சிறு கடைகள் ஒன்றுசேர்ந்து ஒரு நாளைக் குறித்து, அந்த நாளில் மட்டும் கிடைக்கும் தட்டுகளை வெளியிட்டன. வாங்குவதற்காக வந்த கூட்டம் வரிசையில் நின்றபடி ஒருவரையொருவர் அறிந்துகொண்டது. வாங்கும் இடமே கூடும் இடமானது.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அமெரிக்காவில் வினைல் வாங்கியவர்களில் பாதிப்பேரிடம்தான் அதைச் சுழற்றும் கருவி இருக்கிறது என்று 2023இல் லுமினேட் என்ற தரவு நிறுவனத்தின் அறிக்கை கூறியது. பழைய சேகரிப்பாளர்கள் பலருக்கு இது கேலியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளின்மேல் ஆசை முதலில் வருகிறது. அறிவு பிறகு வருகிறது. உறையின் ஓவியத்துக்காகத் தட்டை வாங்கியவர் ஒருநாள் அதைக் கேட்க விரும்புவார். அந்த நாளில் அவருக்கு வழிகாட்ட ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

அடுத்தது போலராய்டு. உடனே படம் தரும் அந்தப் பிலிமின் உற்பத்தியை நிறுத்துவதாக 2008இல் நிறுவனம் அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் எந்திரங்களை ஒரு சிறு குழு வாங்கிக் காப்பாற்றியது. 'இம்பாசிபிள் புராஜெக்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு, வேதிப்பொருள்கள் கிடைக்காத நிலையில் பிலிமை முதலிலிருந்தே மறுபடி உருவாக்கி, 2010இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2020இல் அந்த நிறுவனமே போலராய்டு என்ற பெயரைத் தாங்கி நின்றது. கோடாக் 2012இல் கைவிட்ட எக்டாக்ரோம் பிலிமை 2018இல் மீண்டும் செய்யத் தொடங்கியது. கேமராவை அலமாரியில் வைத்து அழகுபார்ப்பவர்களால் இது நடந்திருக்காது. பிலிமை வாங்கிச் சுட்டுத் தீர்க்கிறவர்கள் இருந்ததால் நடந்தது. பயன்பாடு இருக்கும் இடத்தில்தான் உதிரிப்பொருள் உயிரோடு இருக்கும்.

தட்டச்சுப் பொறிக்கும் இப்படி ஓர் எழுச்சி வந்தது. 2010இன் இறுதியில் பிலடெல்பியாவில் ஒரு மதுக்கூடத்தில் சிலர் தங்கள் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசைகளில் வைத்து, வந்தவர்களை எல்லாம் தட்டவைத்தார்கள். 'டைப்-இன்' என்ற பெயரில் அது பல ஊர்களுக்குப் பரவியது. கடிதம் எழுதலாம், வேகப் போட்டியில் கலந்துகொள்ளலாம், பழுதான மெஷினைக் கொண்டுவந்து காட்டலாம். சின்சினாட்டியில் மெய்யியல் பேராசிரியராக இருக்கும் ரிச்சர்டு போல்ட் 2015இல் வெளியிட்ட 'தி டைப்ரைட்டர் ரெவல்யூஷன்' என்ற நூல் இந்த இயக்கத்தின் கையேடானது. பாஸ்டன் நகரில் 2004இல் உருவான ஒரு குழு, மெஷின்களையே தாளக் கருவிகளாக வைத்துக் கச்சேரி செய்கிறது.

நடிகர் டாம் ஹாங்க்ஸின் பங்கு தனியே சொல்லத்தக்கது. இருநூறுக்கும் மேற்பட்ட மெஷின்களைச் சேர்த்த அவர், 2014இல் டைப்ரைட்டர் ஒலியோடு இயங்கும் ஒரு செயலியை வெளியிட்டார். 2017இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பில் கதைகளை இணைக்கும் இழையே தட்டச்சுப் பொறிதான். இவற்றைவிட முக்கியமாக எனக்குப் படுவது, தன் மெஷின்களை அவர் கொடுத்துக்கொண்டே இருப்பது. பழுதுபார்க்கும் கடைகளுக்கும், தனக்குக் கடிதம் எழுதியவர்களுக்கும் அனுப்பிவைக்கிறார். சேகரிப்பின் உச்சம் கொடுப்பதில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

இந்த எடுத்துக்காட்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. இளையவர்கள் வந்த இடங்களில் எல்லாம் பொருளைக் கையில் எடுத்து ஏதாவது செய்ய முடிந்தது. அதைச் செய்யும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். முதல் அடி வைக்கப் பெரும்பணம் தேவைப்படவில்லை. கை, துணை, எளிய வாசல் என இந்த மூன்றும் கூடிய இடத்தில் ஏக்கம் இல்லாமலேயே ஈடுபாடு பிறந்தது.

லோயரும் ஹையரும்

இனி நம் மாடி அறைக்கு வருவோம். தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை தட்டச்சுத் தேர்வுகளை நடத்திவருகிறது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் வேகம் இளநிலை. 45 சொல் முதுநிலை. மக்கள் வாயில் இவை லோயர், ஹையர். தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்களுக்கு இந்தச் சான்றிதழ் தேவை என்பதால், கணினி வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டுகள் நிலைத்து நிற்கின்றன. எத்தனையோ வீடுகளில் முதல் அரசு வேலை இந்த மாடிப்படி ஏறித்தான் வந்தது. குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, சொந்தக் காலில் நிற்கும் வாழ்க்கையின் முதல் ஒலி அந்த மணியோசை.

அங்கே இருக்கும் மெஷின்களின் பெயர்களைப் படித்தாலே இந்தியத் தொழில் வரலாற்றின் ஓர் அத்தியாயம் விரியும். கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. நேரு அதைச் சுதந்திர இந்தியாவின் தொழில்வளர்ச்சிக்கு அடையாளமாகக் கருதினார் என்பர். கல்கத்தாவை இருப்பிடமாகக் கொண்ட ரெமிங்டன் ராண்ட் இன்னொரு பெரும்பெயர். சுவீடனில் பிறந்த ஹால்டாவை ராயலா கார்ப்பரேஷன் சென்னையில் செய்தது. அதே சுவீடனின் பாசிட் சென்னைப் பெருங்குடியில் தொழிற்சாலை வைத்திருந்தது. நம் ஊர்த் தொழிலாளர்களின் கைகளில் உருவான மெஷின்கள் இவை. 2009இல் கோத்ரெஜ் உற்பத்தியை நிறுத்தியது. அந்தச் செய்தி 2011 ஏப்ரலில் உலகப் பத்திரிகைகளில் பரவியபோது, ஒரு காலம் முடிந்ததாகவே பலரும் எழுதினார்கள்.

முடியவில்லை. இன்ஸ்டிடியூட்டுகள் இருப்பதால் ரிப்பன் விற்கிறது. ரிப்பன் விற்பதால் கடை இருக்கிறது. மெஷின்கள் ஓடுவதால் மெக்கானிக்குக்கு வேலை இருக்கிறது. தேய்ந்த ரோலருக்கு ரப்பர் போடுகிறவரும், உடைந்த மெஷினிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்துவைத்து இன்னொன்றுக்குப் பொருத்துகிறவரும் நம்மிடையே இருக்கிறார்கள். மேலைநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான மைல் தூரம் தேடிப்போகும் கைத்திறன், நமக்கு அடுத்த தெருவில் கிடைக்கிறது. ஆனால் இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே ஆணியில் தொங்குகிறது: அரசுத் தேர்வு. தேர்வு முழுக்கக் கணினிக்கு மாறும் நாளில் மெஷின்கள் எடைக்குப் போகும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த கதையாக ஒரு தலைமுறையின் கருவி கரைந்துபோகும். அதற்கு முன்னால் இந்தச் சங்கிலிக்கு இரண்டாவது ஆணி ஒன்று அடித்தாக வேண்டும். இளைய சேகரிப்பாளர்களே அந்த இரண்டாவது ஆணி.

247 எழுத்தும் 46 கட்டையும்

ஒரு மெஷினை இளையவர் முன் வைத்து அவர் மனத்தைத் திறக்க, தமிழ்த் தட்டச்சுப் பொறியைப்போல உதவுவது வேறில்லை. அவரிடம் ஒரு கணக்குக் கேளுங்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. மெஷினில் இருப்பவை ஏறத்தாழ 46 கட்டைகள். ஷிப்ட் கீயை அழுத்தினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம். 92க்கு மேல் போகாது. இந்த 92க்குள் 247ஐ எப்படி அடக்குவீர்கள்?

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று அவரைப் போற்றுகிறோம். விடையின் பாதி எளிதாகப் புரியும்: கால், கொம்பு போன்ற குறிகளைத் தனித்தனிக் கட்டைகளாக வைத்துவிட்டால் அவை எல்லா மெய்களுக்கும் பொதுவாகும். மறுபாதிதான் அழகு. புள்ளி எழுத்தின் தலைக்கு மேலே நிற்கவேண்டும். ஒரு கட்டையைத் தட்டினால், தாளைத் தாங்கும் கேரேஜ் ஓரிடம் நகர்ந்துவிடும். நகர்ந்தபின் புள்ளி வைத்தால் அது அடுத்த எழுத்தின் இடத்தில் விழும். என்ன செய்வது?

இதைப் புரிந்துகொள்ள மெஷினின் வயிற்றுக்குள் பார்க்கவேண்டும். கேரேஜை ஒரு சுருள்வில் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது ஒரேயடியாக ஓடிவிடாமல் பற்சக்கரம் ஒன்று பிடித்து நிறுத்துகிறது. கடிகாரத்துக்குள் இருப்பதுபோன்ற இந்த அமைப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். ஒவ்வொரு தட்டலும் ஒரு பல்லை மட்டும் விடுவிக்கிறது. கேரேஜ் ஓர் எழுத்தகலம் நகர்கிறது. புள்ளிக்கும் இகரக் குறிக்கும் உரிய கட்டைகளை இந்தப் பல்லைத் தொடாதபடி அமைத்துவிட்டால், தட்டியும் கேரேஜ் நகராது. ஆகவே தட்டச்சர் முதலில் புள்ளியைத் தட்டுகிறார். பிறகு ககரத்தைத் தட்டுகிறார். புள்ளிக்குக் கீழே 'க' வந்து உட்கார்ந்து 'க்' ஆகிறது. கையால் எழுதும்போது கடைசியில் வைக்கும் புள்ளி, மெஷினில் முதலில் விழுகிறது. உகரம் இன்னும் சிக்கல். கு, டு, மு, யு என்று ஒவ்வொரு மெய்யிலும் அதன் உரு மாறும். அதனால் பல கட்டைகளில் கீழே மெய், மேலே அதன் உகரம் என்று வைத்தார்கள். 'க' கட்டையை ஷிப்டோடு தட்டினால் 'கு'.

இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் தட்டும் யளனகப என்ற வரிசையின் பின்னால் இத்தனை சிந்தனை இருக்கிறது. இன்றும் கணினியில் தமிழ் தட்டுகிறவர்களில் பலர் பயன்படுத்தும் விசைப்பலகை முறை இதன் வழிவந்ததுதான். 1999இல் தமிழ்99 என்ற தரம் வந்த பிறகும் பழைய தட்டச்சு முறை பல அலுவலகங்களில் வாழ்கிறது. ஆகவே தமிழ் மெஷினைச் சேகரிப்பவர் ஓர் இரும்புப் பொருளை மட்டும் காக்கவில்லை. நம் எழுத்து எந்திர காலத்துக்குள் நுழைந்த வழியையும் சேர்த்துக் காக்கிறார். பொறியியல் மாணவருக்கு இது எந்திரவியல் புதிர். தமிழ் மாணவருக்கு எழுத்து வரலாறு. வடிவமைப்புப் படிப்பவருக்கு எழுத்துருவின் முன்னோர். மூவரும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய பொருள் வேறென்ன இருக்கிறது?

வாசலை அடைப்பவை

இத்தனை ஈர்ப்பு இருந்தும் இளையவர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? தடைகளில் பெரும்பாலானவை மூத்தவர்களாகிய நாமே வைத்தவை.

முதலாவது, அரியதே சிறந்தது என்ற மதிப்பீடு. எழுத்தாளர் கார்மக் மக்கார்த்தி பல்லாண்டு பயன்படுத்திய ஓலிவெட்டி லெத்தேரா 32, 2009 டிசம்பரில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போனது. ஏலத்தில் கிடைத்த பணம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நன்கொடையாயிற்று என்பது நல்ல செய்தி. ஆனால் இத்தகைய விலைகளையே நாம் பேசிக்கொண்டிருந்தால், கையில் ஐந்நூறு ரூபாய் வைத்திருக்கும் மாணவருக்கு இது தன் உலகம் இல்லை என்று தோன்றிவிடும். அந்த ஏலத்தில் விலைபோனது எழுத்தாளரின் பெயர். அதே வகை மெஷின் எத்தனையோ சாதாரண மேசைகளில் உழைத்தது என்பதைத்தான் நாம் உரக்கச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, இடமும் எடையும். அலுவலக மெஷின் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. வாடகை அறையில் வசிப்பவர் அதை எங்கே வைப்பார்? கைப்பெட்டி மெஷின்களே தொடக்கத்துக்கு ஏற்றவை. மார்செல்லோ நிஸோலி வடிவமைத்து 1950இல் வெளிவந்த ஓலிவெட்டி லெத்தேரா 22 நான்கு கிலோவுக்கும் குறைவு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் அது இருக்கிறது. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், மெஷின் இன்ஸ்டிடியூட்டிலேயே இருக்கட்டும். அதைப் பராமரிக்கும் உரிமையை இளையவர் எடுத்துக்கொள்ளட்டும். சொந்தமாக்கிக்கொண்டால்தான் சேகரிப்பு என்ற எண்ணத்தை நாம் தளர்த்தலாம்.

மூன்றாவது, தூய்மைவாதம். மெஷினுக்கு நீல வண்ணம் பூசினால் முகம் சுளிக்கிறோம். படம் எடுத்துப் போடுவதற்காக மட்டும் வருகிறவரை மதிப்பதில்லை. உண்மையில் எதிர்க்கவேண்டியது வேறு. உருண்டைக் கட்டைகளை வெட்டி எடுத்து வளையலும் கம்மலும் செய்து விற்பதற்காக, ஓடக்கூடிய பழைய மெஷின்களை அழிக்கிறார்கள். அது மீட்க முடியாத இழப்பு. வண்ணம் பூசியதைச் சுரண்டிவிடலாம்; வெட்டிய கட்டையை ஒட்டவைக்க முடியாது. திருத்தக்கூடிய தவறையும் திருத்த முடியாத அழிவையும் பிரித்துச் சொல்லித்தந்தால் இளையவர்கள் கேட்பார்கள்.

செய்யக்கூடியவை

என் ஆலோசனைகள் எளியவை. பெரும் நிதி எதுவும் தேவைப்படாதவை.

பழுதுபார்ப்பிலிருந்து தொடங்குவோம். கட்டை ஒட்டிக்கொண்டு எழும்பாத ஒரு மெஷினை ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு மாணவர்கள் முன் வையுங்கள். பல்லாண்டுத் தூசியும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து, எழுத்தைத் தாங்கும் டைப்பார்களின் அடியை இறுக்கியிருக்கும். பார்த்தவுடன் எண்ணெய் விடத்தான் கை போகும். விட்டால் மறுபடி தூசி பிடித்து இறுகும் என்பது முதல் பாடம். கறையைக் கரைக்கும் திரவம் தொட்ட தூரிகையால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு இடுக்காகத் துடைத்துவரவேண்டும். செத்துக்கிடந்த கட்டை துள்ளி எழுந்து தாளைத் தொடும் கணத்தில் அந்த மாணவர் சேகரிப்பாளராகிவிடுகிறார். வால்வு ரேடியோவுக்குள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும். தட்டச்சுப் பொறிக்கு மின்சாரமே வேண்டாம். திருப்புளி பிடிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியும் இதன் முன் உட்காரலாம்.

இரண்டாவது, மெக்கானிக்கை ஆசிரியராக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் கைப்பையும் திருப்புளியுமாக ஊர் ஊராகச் சென்று சர்வீஸ் செய்யும் அந்த மனிதரிடம் உள்ள அறிவு எந்த நூலிலும் இல்லை. அவர் ஒரு மெஷினைக் காதால் கேட்டே குறை சொல்வார். பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் ஆண்டுக்கு இரண்டு நாள் அவரை அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, மாணவர்களோடு அமரச் செய்யலாம். அவர் பேசுவதையும் அவர் கைகள் செய்வதையும் காணொளியாகப் பதியவேண்டும். மெஷின் அழிந்தால் இன்னொரு மெஷின் கிடைக்கும். அவருடைய கை போனால் மாற்று இல்லை.

மூன்றாவது, பதிவேடு. வரிசை எண்ணைக் கொண்டு ஒரு மெஷின் எந்த ஆண்டில் பிறந்தது என்று கண்டறிவதற்கான தரவுத்தளத்தை உலகச் சேகரிப்பாளர்கள் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். தமிழ் விசைப்பலகை மெஷின்களுக்கு அத்தகைய முழுமையான பதிவை நாம் உருவாக்கவேண்டும். ஒவ்வொரு மெஷினின் பெயர், வரிசை எண், கட்டைகளின் ஒழுங்கு, எல்லா எழுத்துகளையும் தட்டிய மாதிரித் தாள் ஒன்று. 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் எந்த மெஷினில் இருக்கின்றன, பிந்தையவை எதில் என்று குறித்தால், அதுவே எழுத்து வரலாற்றுக்கு ஓர் ஆவணம். இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் மெஷின்கள் இந்தப் பட்டியலில் சேரவேண்டும். செல்பேசியும் ஆர்வமும் உள்ள ஒரு கல்லூரி மாணவர் ஒரு விடுமுறையில் தன் மாவட்டத்தை முடித்துவிடலாம். தன் பெயரில் ஒரு கண்டுபிடிப்பு இருப்பதைவிட இளையவரைக் கட்டிவைக்கும் கயிறு வேறில்லை.

நான்காவது, கூடுகை. புத்தகக் கண்காட்சிகளில் ஒரு மேசை போட்டு நான்கு மெஷின்களை வையுங்கள். வருகிறவர் தன் பெயரையும் தாய்க்கு ஒரு வரியையும் தட்டி, தாளை எடுத்துக்கொண்டு போகட்டும். பக்கத்தில் அஞ்சலட்டைக் கட்டும் ஒரு பெட்டியும் இருக்கட்டும். இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்த பெண் அங்கே நின்று சொல்லிக்கொடுக்கட்டும்; பழுத்த சேகரிப்பாளரைவிட அவளுக்கே வேகம் அதிகம். தன் திறமை வேலைக்கான சான்றிதழோடு முடிவதில்லை, அதைப் பார்க்க நாலு பேர் கூடுகிறார்கள் என்று அவள் காணும்போது, மெஷினோடு அவளுக்குள்ள உறவு மாறும்.

ஐந்தாவது, கதை. வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ டைப்பிஸ்ட்டாக இருந்திருந்தால் அவரை உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த மெஷின், எந்த அலுவலகம், ஒரு நாளைக்கு எத்தனை பக்கம், கார்பன் தாள் எத்தனை வைத்துத் தட்டினீர்கள், தவறினால் எப்படித் திருத்தினீர்கள்? அதை ஒரு தாளில் தட்டி, மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஏக்கத்தை எழுதிவைக்க முடியாது என்று மேலே சொன்னேன். கதையை எழுதிவைக்கலாம். கதையோடு கூடிய மெஷின் எடைக்குப் போவதில்லை.

கடைசியாக ஒன்று: கொடுத்துவிடுங்கள். ஒரே வகையில் மூன்று மெஷின் வைத்திருப்பவர், ஓடும் நிலையில் ஒன்றை, புது ரிப்பனோடு, ஓர் இளையவருக்குக் கொடுக்கட்டும். நிபந்தனை இரண்டு போதும்: மாதம் ஒரு பக்கமாவது தட்டவேண்டும், வேண்டாம் என்று தோன்றும் நாளில் இன்னொரு இளையவருக்குக் கொடுக்கவேண்டும்.

இது ஒரு கால அலைதான், வந்தது போய்விடும் என்பார்கள். போகலாம். ஆனால் ஓர் அலையில் வந்த நூறு பேரில் ஐந்து பேர் தங்கினாலும் அடுத்த நாற்பது ஆண்டுக்குக் காவலர்கள் கிடைத்துவிட்டார்கள். இன்றைய மூத்த சேகரிப்பாளர்களும் தங்கள் தலைமுறையில் அப்படித் தங்கிய ஐந்து பேர்தாம்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொடங்க இடம் தேடவேண்டாம், ஆளும் தேடவேண்டாம். மாடிப்படிகள் இருக்கின்றன, மெஷின்கள் ஓடுகின்றன, விரல்கள் பழகியிருக்கின்றன, பழுதுபார்ப்பவர் இன்னும் வேலையில் இருக்கிறார். இவை நான்கும் ஒரே சமயத்தில் இருக்கும் காலம் நீண்டு நிற்காது. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் அந்தத் தட்டலைக் கேட்டால், இந்த வாரமே ஒரு முறை படியேறிப் போங்கள். வீட்டுப் பிள்ளை ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். தாளைச் செருகிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். முதல் எழுத்தைத் தட்டவேண்டியது அந்தப் பிள்ளை.